பழைய மைக்காவும் தரைவிரிப்பும்: ஹீட் கன் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது பற்றி நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, ஏற்கெனவே ஒட்டப்பட்ட மைக்கா, தரைவிரிப்பு, சுவர்த்தாள் ஆகியவற்றை ஹீட் கன் (கடுஞ்சூடான காற்றை ஊதும் மின்கருவி) கொண்டு எடுக்கலாமா என்பதைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் தேர்ந்து இந்தப் பகுதியில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் வாசற்கதவு தேக்குப் பலகையால் ஆனது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் மைக்கா ஒட்டிவிட்டார்கள். இப்போது ஓரங்களில் உப்பிப் பெயர்ந்து வருகிறது. தச்சர் உளி வைத்துப் பெயர்த்துவிடலாம் என்கிறார். என் மகனோ ஹீட் கன் போதும் என்கிறான். எதைச் செய்வது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி. ஆனால் கருவியை இயக்குவதற்கு முன், சூடு எதைச் சென்றடைய வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். மைக்கா என்று நாம் அழைக்கும் தகடு, ஃபீனாலிக் பிசினில் தோய்த்த பழுப்புத் தாள்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசின் ஏற்றிய வண்ணத்தாளை வைத்து, மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. அந்தப் பிசின்கள் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் உருகுவதில்லை. அளவு மீறினால் கொப்புளம் போட்டுக் கருகும், அவ்வளவே. எனவே நாம் தளர்த்த வேண்டியது மைக்காவை அல்ல, மைக்காவுக்கும் தேக்குக்கும் நடுவே மெல்லிய படலமாகக் கிடக்கும் பசையை.

அது எந்தப் பசை என்பதை, ஏற்கெனவே உப்பியிருக்கும் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பார்த்து அறியலாம். மஞ்சளாகவோ பழுப்பாகவோ, நகத்தால் தேய்த்தால் ரப்பர்போல் உருண்டு வந்தால், தச்சர்கள் எஸ்.ஆர். என்று சொல்லும் செயற்கை ரப்பர் பசை. இது சூட்டுக்கு எளிதில் இளகும். கண்ணாடித் தன்மையோடு கெட்டியாக இருந்து, ஈரத்துணியை அரைமணி நேரம் வைத்தால் வெளுத்து மிருதுவானால், அது வழக்கமான வெள்ளைப் பசை. இதுவும் சூட்டில் இளகும், ஆனால் மரத்தின் நுண்துளைகளில் ஊறி இறங்கியிருப்பதால் பிடியை விட நேரம் எடுத்துக்கொள்ளும்.

ரப்பர் பசை ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் தளர்ந்துவிடும். தேக்கோ 200 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் ஹீட் கன்களின் மூக்கிலிருந்து வரும் காற்று, உயர்ந்த அளவில் வைத்தால் 500, 600 டிகிரி வரை இருக்கும். தேவைக்கும் கருவியின் வலிமைக்கும் இருக்கும் இந்த இடைவெளிதான் எல்லாச் சேதங்களுக்கும் காரணம். ஆகவே கருவியைக் குறைந்த அளவில், 250 அல்லது 300 டிகிரியில் வையுங்கள். மூக்கை மைக்காவிலிருந்து இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் சாய்வாகப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் உள்ளங்கை அகலப் பரப்பில் முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருங்கள். சுமார் ஒரு நிமிடத்தில் ஓரம் தளரத் தொடங்கும். அகலமான புட்டி பிளேடை மரத்தோடு ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, மர நரம்பு ஓடும் திசையிலேயே மெல்லத் தள்ளுங்கள். பலம் கொடுக்க வேண்டியிருந்தால் பசை இன்னும் இளகவில்லை என்று பொருள்.

ஓரம் ஓர் அங்குலம் எழும்பியதும் வேலையின் போக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை சூடு தகட்டைத் துளைத்துக்கொண்டு பசையை அடைந்தது. இனி இடைவெளிக்குள் காற்றைச் செலுத்தினால் அது நேராகப் பசையையே தொடும். இந்தக் கட்டத்தில் மரம் நேரடிச் சூட்டுக்கு உள்ளாவதால் கையை இன்னும் விரைவாக அசைக்க வேண்டும். ரப்பர் பசைக்கு ஒரு குணம் உண்டு: ஆறினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழும்பிய பகுதி மீண்டும் படியாதபடி சிறு மரச் சக்கைகளைச் செருகிக்கொண்டே போவதும், மற்றொருவர் தடித்த தோல் கையுறை அணிந்து தகட்டை இழுவையிலேயே பிடித்திருப்பதும் பெரும் உதவி. ஓரங்களில் தலையில்லாத சிற்றாணிகள் அடித்திருந்தால் அவற்றை முதலிலேயே பிடுங்கிவிடுங்கள்.

தச்சர் சொல்லும் உளியை நான் முற்றாக மறுக்கவில்லை. வெள்ளைப் பசை இறுகிக் கிடக்கும் திட்டுகளில் அவருடைய கைத்திறன் தேவைப்படலாம். ஆனால் கதவு முழுவதையும் குளிர்ந்த நிலையில் உளியால் பெயர்த்தால், தகடு சில்லுசில்லாக உடைவதோடு தேக்கின் நரம்பும் சேர்ந்து கிளம்பும். அந்தப் பள்ளங்களை நிரப்ப மறுபடியும் ஒரு தகடு ஒட்டும் நிலைக்கே வந்துவிடுவீர்கள். இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்த ஒரு நல்ல தேக்குப் பலகைக்கு அப்படியொரு கதி வேண்டாம்.

மரத்தில் எஞ்சும் பசையைச் சூடு ஆறுவதற்குள் சுரண்டிவிடுங்கள். மிச்சத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கலாம். ஆனால் ஹீட் கன்னை மின் இணைப்பிலிருந்து எடுத்து, கருவியும் மரமும் முழுவதும் ஆறி, கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகே தின்னர் டப்பாவைத் திறக்க வேண்டும். தின்னர் ஆவிக்கு ஒரு பொறியோ சூடான கம்பியோ போதும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாமலிருப்பது இன்னும் நல்லது. பிறகு 80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டால் தேக்கு தன் நிறத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கதவின் விரிசல்களிலும் நிலையின் பின்புறத்திலும் பல்லாண்டுத் தூசியும் சிலந்தி வலையும் சேர்ந்திருக்கும். சூடான காற்று அங்கே புகுந்தால், புகை தெரியாமலேயே கனன்றுகொண்டிருந்து, நீங்கள் வேலையை முடித்துச் சென்றபின் தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்ததும் குறைந்தது ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அகலாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கருவியையும் அணைத்தவுடன் கீழே படுக்க வைக்கக் கூடாது. குளிர்காற்று நிலையில் சிறிது நேரம் ஓடவிட்டு, மூக்கு மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: ஹீட் கன்னுக்குப் பதிலாகத் தலைமுடி உலர்த்தும் டிரையரையோ இஸ்திரிப் பெட்டியையோ பயன்படுத்த முடியாதா? (சேலம் வாசகி)

பதில்: சில வேலைகளுக்கு அவையே மேல். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், புத்தக அலமாரியில் ஒட்டிய விலைச்சீட்டு போன்றவற்றுக்கு டிரையரின் மிதமான சூடு போதும். அலமாரிப் பலகைகளின் விளிம்பில் ஒட்டும் பட்டைகளில் பல, சூட்டில் உருகும் பசையால் ஒட்டப்பட்டவை; அவற்றின்மேல் பருத்தித் துணியை மடித்துப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நேராகக் கழன்று வரும். ஆனால் இஸ்திரிப் பெட்டி பருத்தி அளவில் 200 டிகிரியை நெருங்கும் என்பதால், ஓர் இடத்தில் சில வினாடிகளுக்குமேல் வைக்க வேண்டாம். முழுக் கதவு, சமையலறை அலமாரி என்று பரப்பு பெரிதானால் டிரையர் ஈடுகொடுக்காது. நீண்ட நேரம் ஓட்டினால் அதுவே சூடேறி நின்றுவிடும்.

ஹீட் கன் வாங்குவோர் மின் இணைப்பையும் யோசிக்க வேண்டும். 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, மின்விசிறிக்கான 6 ஆம்பியர் பிளக்கிலோ மெல்லிய கம்பியுள்ள நீட்டிப்புப் பலகையிலோ அதைச் செருகினால், கதவைச் சூடாக்கும் நேரத்தில் சுவருக்குள் இருக்கும் கம்பியும் சூடாகிக்கொண்டிருக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே இணையுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் ஆத்தங்குடி கற்கள் பதித்த தரையின்மேல் பி.வி.சி. விரிப்பை ஒட்டியிருக்கிறார்கள். கற்களுக்குச் சேதமில்லாமல் அதை எடுக்க வேண்டும். ஹீட் கன் பயன்படுத்தலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: முதலில் சூடே இல்லாமல் முயன்று பாருங்கள். நம் வீடுகளில் இத்தகைய விரிப்பை முழுப் பரப்பிலும் ஒட்டுவது குறைவு. பெரும்பாலும் ஓரங்களிலும் இணைப்புகளிலும் மட்டும் பசை தடவி, நடுவில் சும்மா விரித்திருப்பார்கள். அறையின் நடுவில் விரிப்பை மட்டும் ஆழம் பார்த்துக் கீறி, தூக்கிப் பாருங்கள். எளிதில் எழும்பினால், ஒரு முழ அகலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டி எடுத்துவிடலாம். ஹீட் கன்னின் வேலை ஓரங்களோடு முடிந்துவிடும்.

அந்த ஓரங்களில் மிகுந்த நிதானம் வேண்டும். பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே துணிபோல் வளையத் தொடங்கும். அதற்குமேல் சூடு தேவையில்லை. 200 டிகிரியை நெருங்கும்போது அது சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளியிடும். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ, விரிப்பு பழுப்பேறினாலோ, கருவியை உடனே அணைத்துவிட்டு வெளியே வந்து, காற்று மாறும்வரை காத்திருங்கள். தூசிக்காக அணியும் என்95 முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது என்பதைப் பலர் அறிவதில்லை. குறைந்த சூடும் திறந்த ஜன்னலுமே இங்கே முதன்மையான காப்பு.

ஆத்தங்குடிக் கல்லின் அழகு முழுவதும் மேல்முகத்தில் இருக்கும் மெல்லிய வண்ணப் பூச்சடுக்கில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்யப்படும் கல் அது, சூளையில் சுடப்படுவதில்லை. எனவே சுட்ட ஓட்டின் கடினத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஓர் இடத்தில் மட்டும் கடுஞ்சூடு விழுந்தால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேலடுக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றக்கூடும். இரும்புச் சுரண்டியும் கூடாது. பிளாஸ்டிக் சுரண்டியோ, விளிம்பு மழுக்கிய மரத்துண்டோ போதும்.

குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டை எந்தச் சூழ்நிலையிலும் இந்தத் தரையில் ஊற்றிவிடாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அமிலம் ரப்பர் பசையைக் கரைக்காது; ஆனால் சிமெண்டைக் கரைத்து, வண்ணத்தையும் வழுவழுப்பையும் ஒரே நாளில் நிரந்தரமாக அழித்துவிடும். எஞ்சிய பசைக்கு, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் தின்னரைச் சோதித்துப் பார்த்த பின், சிறு சிறு பகுதியாகத் துணியால் ஒற்றி எடுங்கள். தரையின் பளபளப்பு மங்கித் தெரிந்தால் கவலை வேண்டாம். தினமும் ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது சில துளி தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து வந்தால், புழங்கப் புழங்க மெருகு திரும்பும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பழைய அலுவலகக் கட்டடத்தில் கெட்டியான, சதுரமான பிளாஸ்டிக் ஓடுகள் கருநிறப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. சூடேற்றிப் பெயர்த்துவிட்டுப் புதிய தரை போட விரும்புகிறோம். (திருச்சி வாசகர்)

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எதையும் பெயர்க்காதீர்கள். நீங்கள் விவரிப்பது ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்த பி.வி.சி. ஓடாக இருக்கக்கூடும். நம் நாட்டிலும் இவ்வகை ஓடுகள் புழக்கத்தில் இருந்தன; ஐ.எஸ். 3461 என்ற இந்தியத் தரநிர்ணயமே அவற்றுக்கென வகுக்கப்பட்டது. கருநிறத் தார்ப்பசையிலும் அந்த இழை கலந்திருக்க வாய்ப்புண்டு.

ஓடு உடையாமல் தரையில் கிடக்கும்வரை இழை பிசினுக்குள் பிணைந்திருக்கும். உடைக்கும்போதும், உலர்ந்த நிலையில் சுரண்டும்போதும், மெஷினால் தேய்க்கும்போதும், துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழும்பும். அவற்றைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் இழைநோயும், நுரையீரல் புற்றுநோயும், மீசோதீலியோமா என்ற உறைப் புற்றுநோயும் உடனே வெளிப்படுவதில்லை. இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. வேலை செய்த கூலித்தொழிலாளிக்கு எதனால் நோய் வந்தது என்றுகூடத் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஓடு உடையாமல் முழுதாகக் கழன்றுவர மிதமான வெப்பத்தைப் பயன்படுத்தும் முறை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அறையை மூடி முத்திரையிட்டு, இழைகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கருவி அணிந்து, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. உங்களுக்கு எளிய வழி, ஒரு மாதிரியை ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பது. ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது உறுதியானால், ஓடுகள் உறுதியாக ஒட்டியிருக்கும் பட்சத்தில், அவற்றைத் தொந்தரவு செய்யாமல் மேலேயே புதிய தரையை அமைத்துவிடுங்கள். கீழே என்ன இருக்கிறது என்பதைக் கட்டட ஆவணத்தில் எழுதி வைத்தால், பின்னால் வருபவர்கள் அறியாமல் துளையிடுவதைத் தடுக்கலாம்.

கேள்வி: சுவரில் ஒட்டிய வால்பேப்பரை எடுக்க ஹீட் கன் உதவுமா? (மதுரை வாசகி)

பதில்: தாளாக இருந்தால் உதவாது. அதன் பசை மாவுப்பொருளால் ஆனது. அதைத் தளர்த்துவது தண்ணீரே. மேல்தாளைக் கீறி, வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, கால்மணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டினால் போதும். பின்னால் காகிதத்தை உரித்து ஒட்டும் நுரை வகை, செங்கல் போன்ற தோற்றமுடையவை, இவற்றுக்கு மட்டும் மிகக் குறைந்த சூடு பயன்படும். அப்போதும் சுவரின் புட்டி சேர்ந்து பெயர்ந்து வருவதைச் சில இடங்களில் தவிர்க்க முடியாது. ஸ்விட்ச் பலகைகளின் அருகே, தண்ணீராயினும் சூடாயினும், மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது; போக்குவரத்துக் காவலர் அபராதம் விதித்தார். நானே எடுத்துவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: எடுத்துவிடலாம். கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அளித்த தீர்ப்புக்குப் பிறகு நாடெங்கும் லட்சக்கணக்கானோர் இதையே செய்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். பிறகு ஹீட் கன்னைக் குறைந்த அளவில் வைத்து, கண்ணாடி முழுவதையும் சீராகச் சூடேற்றுங்கள். ஒரு மூலை மட்டும் கொதித்து மற்றவை குளிர்ந்திருந்தால் கண்ணாடி விரிசல் விடும்; சூடான கண்ணாடியில் தண்ணீரை ஊற்றுவதும் அவ்வாறே ஆபத்து. மூலையை நகத்தால் எழுப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போலத் தாழ்ந்த கோணத்தில், மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் ஃபிலிம் மட்டும் வந்து பசை தங்கிவிடும்.

பின்கண்ணாடியின் உட்புறத்தில் பனியை நீக்கும் மெல்லிய மின்கோடுகள் இருந்தால், அங்கே பிளேடு படவே கூடாது. ஒரு கோடு அறுந்தாலும் அந்த வரிசை வேலை செய்யாது. சோப்பு நீரில் நனைத்த செய்தித்தாளைப் பசையின்மேல் ஒட்டி, அரைமணி நேரம் ஊறவிட்டுத் துணியால் தேய்த்து எடுங்கள். முன்கண்ணாடி இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்பட்டது. அதில் ஹீட் கன்னை நெருங்கப் பிடித்தால் உள்படலம் குமிழ்விடும் என்பதால், அங்கே வெயிலையும் டிரையரையும் மட்டும் நம்புங்கள்.

கேள்வி: முதல் கேள்வியைப் போன்றதே எங்களுடையதும். ஆனால் மைக்காவைச் சற்று உரித்துப் பார்த்தபோது அடியில் பழைய பச்சை எனாமல் பெயிண்ட் இருக்கிறது. அதையும் ஹீட் கன்னால் எடுத்துவிடலாமா? வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: மைக்காவைக் குறைந்த சூட்டில் எடுங்கள், பெயிண்டோடு நின்றுவிடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். உயர்ந்த சூட்டில் ஈயம் புகையாகக் கிளம்பும். அமெரிக்காவில் 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 593 டிகிரி செல்சியஸுக்கு, மேற்பட்ட ஹீட் கன்னால் பழைய பெயிண்டை எடுப்பது இதனாலேயே தடைசெய்யப்பட்டிருக்கிறது. குறைந்த சூட்டிலும் உதிரும் செதில்களும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதால் எழும் தூசியும் சிறு குழந்தைக்குப் போதுமான கேடு விளைவிக்கும். தரையில் விளையாடி விரலை வாயில் வைக்கும் வயதில் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதன் பாதிப்பை முழுவதும் நீக்கும் மருந்து இல்லை.

இயன்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்; பேத்தி அந்தச் சில நாள்கள் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கீழே தடித்த பாலித்தீன் விரித்து, உதிர்ந்தவற்றை அதிலேயே சுருட்டிக் கட்டிவிடுங்கள். மைக்காவோடு பிய்ந்து வந்த இடங்களின் விளிம்பை மட்டும் நீர்ப்புகா உப்புத்தாளால், தண்ணீர் தொட்டு, ஈரமாகத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே புதிய பிரைமரும் பெயிண்டும் பூசிப் பழைய அடுக்கை மூடிவிடலாம். வேலை முடிந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இருமுறை துடையுங்கள். அணிந்திருந்த உடைகளைத் தனியே துவையுங்கள். உரித்துப் பார்த்த நாளிலேயே யாராவது அந்தப் பெயிண்டை உலர்வாகத் தேய்த்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி, பேத்தியின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள்.